கட்டடம் கடைசியில்

வணக்கம் ஐயா,

ஊர்த் திருவிழாக் காணிக்கையில் ஒரு பங்கைப் போரால் இடம்பெயர்ந்த ஒரு குருமடத்துக்கு (கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றும் கல்லூரி) அனுப்பலாம் என்று எங்கள் பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். தறிப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர், “நம்மூர் பேர்ல ஒரு வகுப்பறை கட்டிக் குடுத்துரலாமுங்க” என்கிறார். இளைஞர்கள் புத்தகம் சேர்த்துக் கன்டெய்னரில் அனுப்பலாம் என்கிறார்கள். எது சரி?

ஜெ., கருமத்தம்பட்டி

அன்புள்ள ஜெ.,

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். அந்தக் குருமடத்தின் பதிவேடுகள் தப்பித்தனவா என்று முதலில் கேளுங்கள்.

லத்தீன் திருச்சபைச் சட்டப்படி குருமாணவர் மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு முழுதாகப் படித்திருக்க வேண்டும். மதிப்பெண் ஏடு எரிந்துபோனால் ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்கூட எதையும் முடித்ததாகக் காட்ட முடியாது. ஏட்டை மீட்க மூன்று இடங்களில் தேடலாம்: இணைப்புத் தந்த பல்கலைக்கழகம், மாணவரை அனுப்பிய ஆயர் (பிஷப்) இல்லம், மாணவர்களின் கைப்பேசி. மதிப்பெண் தாளை யாராவது படமெடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு இடத்துச் சான்று ஒத்துப்போனால் புது ஏட்டில் ஏற்றி, பாடம் நடத்தியவரும் குருமட அதிபரும் கையெழுத்திடலாம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் அந்தப் பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு வைப்பது நல்லது. நினைவிலிருந்து மட்டும் நிரப்பிய ஏடு நாளைக்குச் செல்லாது. ஆசிரியர்கள் வெவ்வேறு நாடுகளுக்குச் சிதறும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும். ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், ஓர் எழுத்தருக்கு ஆறு மாதச் சம்பளம்: உங்கள் காணிக்கைக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. ஊர்ப் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் கிடைக்காது.

ஈராக்கில் இப்படி நடந்திருக்கிறது. பாக்தாதின் தோரா பகுதியிலிருந்த கல்தேயக் (அங்குள்ள கீழைக் கத்தோலிக்கச் சபையின்) குருமடமும் பாபேல் இறையியல் கல்லூரியும் 2007இல் வடக்கே எர்பில் நகரை ஒட்டிய அன்காவாவுக்குப் பெயர்ந்தன. கட்டடங்கள் தோராவிலேயே நின்றன. படிப்பு அன்காவாவில் தொடர்ந்தது.

புத்தகத்துக்கு வருகிறேன். பாடத்திட்டத்தையும் பயிற்றுமொழியையும் வாங்கிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். அரபியில் படிப்பவர்களுக்கு நம் ஊரில் சேரும் ஆங்கிலப் புத்தகம் சுமைதான். சுமை என்பதை எடைக்கணக்காகவும் சொல்கிறேன். ஒரு மீட்டர் அடுக்குக்குச் சுமார் 30 கிலோ வரும். மூன்றடி அகலம், ஆறு தட்டுள்ள ரேக் நிறைந்தால் புத்தகம் மட்டுமே 160 கிலோவைத் தாண்டும். இடம்பெயர்ந்த குருமடம் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் நடக்கும். இந்தியத் தரநிலையில் வீட்டு மாடிக்கான சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, நூலக அடுக்கறைக்குக் குறைந்தது 600. மாடி அறையின் நடுவில் ரேக்குகளை வரிசையாக நிறுத்தினால் தளம் தொய்ந்து விரிசல் விடலாம். தரைத்தளமே பாதுகாப்பு.

பழைய கையெழுத்துச் சுவடிகள் இருந்தால் அவற்றை ஸ்கேன் செய்வது புத்தகம் சேர்ப்பதற்கு முந்திய வேலை. தொமினிக்கன் துறவி நஜீப் மிக்காயில் மொசூல் பகுதிச் சுவடிகளை 2014 ஆகஸ்டில் வண்டிகளில் ஏற்றி எர்பிலுக்குக் கொண்டுவந்தார். பலவற்றை அதற்கு முன்பே மின்படியாக்கியும் வைத்திருந்தார். யாழ்ப்பாண நூலகத்துக்குக் கட்டடம் திரும்பக் கிடைத்தது, 1981இல் எரிந்த ஏடுகள் கிடைக்கவில்லை. ஸ்கேன் கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும், ஒன்று கட்டாயம் வேறு நாட்டில்.

பழைய வளாகத்துக்குத் திரும்பும் நாள் வந்தால், வெடிபொருள் அகற்றியதற்கான சான்று கையில் வரும்வரை கூட்டுமாறைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. தீப்பிடித்த கட்டடத்தில் காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கிறது என்று பொருள். அதன்மேல் பூசி வெள்ளையடித்துவிடுவது வழக்கமாக நடக்கிற ஆபத்தான தவறு. காங்கிரீட்டைத் துளைத்து உருளை வடிவ மாதிரி (கோர்) எடுத்துச் சோதித்த பிறகுதான் இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டும்.

பணம் அனுப்பும் வழியையும் இப்போதே பேசிவிடுங்கள். வரிவிலக்குப் பெற்ற டிரஸ்டின் பணம் அரசு ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டில் செலவானால், அந்தத் தொகைக்கு விலக்குப் போய்விடும். தனி ஆட்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் ஆண்டு வரம்புக்குள், வங்கி வழியாகவே நன்கொடை அனுப்பலாம். காணிக்கை எடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பேரவைக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.