பாட்டியின் மொழிக்குப் பணம் தருபவர்கள் இருக்கிறார்கள்

கேள்வி: மொழியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். என் பாட்டியின் மொழியைப் பேசுகிறவர்கள் இன்று சில நூறு பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். அதைப் பதிவு செய்து, அதிலேயே முனைவர் பட்ட ஆய்வும் செய்ய ஆசை. “மொழியியலுக்கெல்லாம் யார் பணம் தருவார்கள்?” என்கிறார்கள் வீட்டில். இரண்டு இடங்களில் விண்ணப்பித்தேன், இரண்டிலும் நிராகரித்துவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனம், முன்பணம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்கிறது. கட்டலாமா? நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை இணைத்துள்ளேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த முன்பணம். கட்டாதீர்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பக் கட்டணம் இருக்கலாம், அது வேறு. உதவித்தொகையை “உறுதி” என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் கொடுப்பதற்கு உதவித்தொகையே இருக்காது. உண்மையான அறக்கட்டளை எதுவும் மதிப்பீட்டுக்கு முன்னால் யாருக்கும் உறுதி சொல்லாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் விண்ணப்பத்தைப் படித்தேன். நீங்கள் இரண்டு வேறு பணங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். உதவித்தொகை என்பது நீங்கள் படிக்கிற காலத்துக்கு உங்களைத் தாங்குவது. ஆய்வு நல்கை என்பது ஒரு குறிப்பிட்ட வேலை நடப்பதற்கானது: பயணம், பதிவுக்கருவி, பேச்சாளர்களுக்கான ஊதியம். பட்டப்படிப்புக்குத் தருகிறவரிடம் ஒலிப்பதிவுக் கருவியின் விலையையும், களப்பணிக்குத் தருகிறவரிடம் கல்விக் கட்டணத்தையும் கேட்டால் இருவருமே கையை விரிப்பார்கள். இரண்டாகப் பிரியுங்கள்.

களப்பணிக்கு முதலில் சிறு தொகையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய எண்டேஞ்சர்ட் லாங்குவேஜ் ஃபண்ட் (அழியும் மொழிகளுக்கான நிதியம்) சில ஆயிரம் டாலர் அளவில் சிறு நல்கைகள் தருகிறது. மொழியைப் பதிவு செய்கிறவர்களோடு, அதை மீண்டும் பேச்சில் கொண்டுவரப் பாடுபடுகிறவர்களுக்கும் தருவது அதன் சிறப்பு. பெரிய அளவில் என்றால் இ.எல்.டி.பி. எனப்படும் அழியும் மொழிகளுக்கான ஆவணப்படுத்தல் திட்டம். 2002-இல் லண்டனில் தொடங்கி, இப்போது பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்திலிருந்து இயங்குகிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். பதிவுகளை அவர்களுடைய காப்பகத்தில் சேர்த்தாக வேண்டும். மொழியைக் கற்பிக்கும் வகுப்பு நடத்துவது அவர்கள் முதன்மையாகப் பணம் தருகிற வேலை இல்லை. உங்கள் விண்ணப்பத்தில் பாதி அந்த வகுப்பைப் பற்றியே இருக்கிறது, கவனித்தீர்களா? நல்ல எண்ணம்தான். ஆனால் அதை எடுத்துச் செல்ல வேண்டிய கதவு வேறு. தருகிறவர் எதைக் காப்பாற்ற நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

மானுடவியலை ஒட்டி ஆய்வு செய்தால் வென்னர்-கிரென் அறக்கட்டளையையும் பாருங்கள். பழைய கையெழுத்துகள், ஆவணங்களில் ஈடுபாடுள்ள நண்பர்கள் இருந்தால், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தைச் சொல்லுங்கள். மூலப் பிரதிகள் அவை இருக்கும் நாட்டிலேயே இருக்கும், படிமங்கள் மட்டும் உலகத்துக்குப் போகும்.

அப்புறம் முனைவர் பட்டம். “உதவித்தொகை” என்று மட்டும் தேடுவதால் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, நார்டிக் நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பல இடங்களில் சம்பளம் வாங்கும் ஊழியர். அந்த இடங்கள் வேலை விளம்பரமாகத்தான் வரும்: ஒரு பேராசிரியரின் திட்டத்துக்கு ஆள் தேவை, இந்தத் திறமை வேண்டும், இந்தத் தேதிக்குள் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பல நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் மரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளும் அப்படித்தான் ஆள் எடுக்கின்றன. அவற்றில் ஒரு விதி: வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிற உங்களுக்கு அது சாதகம்.

இனி நீங்கள் எழுதிய முதல் வரி: “மொழி என்பது மனித இனத்தின் கண்ணாடி.” வாசிக்கிறவர் அன்று இதே மாதிரி நாற்பது கண்ணாடிகளைப் பார்த்திருப்பார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “என் பாட்டி பேசும் மொழியை நாற்பது வயதுக்குக் கீழ் யாரும் பேசுவதில்லை. அதன் வினைச்சொற்களைப் பற்றி இதுவரை ஓர் ஆய்வும் இல்லை. பதினெட்டு மாதங்களில் முப்பது மணி நேர உரையாடலைப் பதிவு செய்து, அதில் பத்து மணி நேரத்தை எழுத்துப்படுத்தி மொழிபெயர்க்கிறேன்.” எண்கள் உங்களுடையவையாக, உண்மையானவையாக இருக்கட்டும்.

ஏன் முப்பதும் எழுத்துப்படுத்தவில்லை என்று வீட்டில் கேட்கலாம், மதிப்பீட்டாளர் கேட்க மாட்டார். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கி, சொல் சொல்லாகப் பிரித்து மொழிபெயர்க்க 40, 50 மணி நேரம் எளிதாகப் போய்விடும்; தொடக்கத்தில் 100 கூட ஆகும். உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் இந்த உழைப்புக்கு ஒரு வரியும் இல்லை. பேசுகிறவர்களுக்கான ஊதியமும் இல்லை. அவர்கள் நேரம் இலவசம் என்று எழுதினால், களத்துக்கே போகாதவர் எழுதியதாகத்தான் தெரியும்.

என் முதல் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுதினேன். “இந்த ஊர் மக்களிடம் நீங்கள் கேட்டீர்களா?” என்று ஒரே கேள்வி பதிலாக வந்தது. நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர்களிடம் போய்ப் பேசி, ஒப்புதலோடு விண்ணப்பித்தேன், கிடைத்தது. நீங்களும் இரண்டு இடங்களுக்கும் எழுதி, மதிப்பீட்டாளர் கருத்தைத் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லோரும் தர மாட்டார்கள், தந்தால் அது பொன். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். திட்டத்தின் சுருக்கத்தையும் கையில் கொடுங்கள்.

பணம் வரும்வரை பாட்டியைக் காத்திருக்க வைக்க வேண்டாம். அவர் சம்மதித்தால் இந்த வாரமே, கைப்பேசியில், ஒலியின் தரம் குறையாத வேவ் (WAV) வடிவில் பதியும் செயலி ஒன்றை இறக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அதை நீங்களே எழுத்துப்படுத்திப் பாருங்கள், எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பத்தின் முதல் சான்று அந்தப் பத்து நிமிடம்தான். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.