கம்பத்தைப் பார்க்காதீர்கள்

வணக்கம் சார்,

43 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டிருக்கிறேன். நேராகப் போகிறேன். திரும்பும்போது மட்டும் கை விறைத்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம். அதில் இடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் மூன்று முறை அதிலேயே இடித்தேன். "கம்பம் நகர்ந்து வந்துச்சாம்மா?" என்கிறான் மகன். இந்த வயதில் இனி வராதோ?

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வயதை விடுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

உங்களைக் கம்பத்துக்கு இழுத்துப் போவது உங்கள் கண்தான். பார்வை எங்கே நிலைக்கிறதோ அங்கே தலை திரும்பும், தோள் திரும்பும், ஹேண்டில்பாரும் போகும். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பாருங்கள்.

விறைத்த கை இன்னொரு கெடுதலும் செய்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலும் லேசாக இடப்பக்கமே திரும்ப வேண்டும். அப்போதுதான் சக்கரம் நமக்கு அடியில் வந்து தாங்கும். இறுக்கிப் பிடித்தால் அதற்கு வழியே இல்லை. தம்பியோடு விமானம் கண்டுபிடிப்பதற்கு முன்பு சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தாராம். யாரும் சரியாகச் சொல்லவில்லை. இடப்பக்கம் திரும்ப, நாம் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் ஒடிக்கிறோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்த பிறகே திரும்புகிறோம். கைக்குத் தெரிந்த இது வாய்க்கு வருவதில்லை. நீங்களும் யோசித்துச் செய்யப் பார்க்காதீர்கள்.

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகிற அளவுக்கு சீட்டை இறக்குங்கள். காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், செருப்புகளைக் கழற்றி இருபதடி இடைவெளியில் வைத்து, லைசென்ஸுக்கு எட்டு போடுவது போல அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள். முதல் நாள் செருப்பு மேல் ஏறத்தான் செய்வீர்கள். வெறுங்காலில் நெருஞ்சி குத்தும் ஊர் என்றால் செருப்புக்குப் பதில் இரண்டு செங்கல். முழங்கை மடங்கியிருக்கட்டும். சுலபமாக வந்த பிறகு செருப்புகளை நெருக்கி வையுங்கள், வேகத்தையும் குறையுங்கள். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம், சந்தையில் உதவப்போவதும் அதுதான். மகனை கேரியரைப் பிடிக்க விடாதீர்கள். அவன் தாங்கிக்கொண்டிருந்தால் சாய்வு உங்கள் உடம்புக்குப் பிடிபடாது.

பிரேக்கை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று அழுத்திப் பாருங்கள். சிறுவயதில் வாடகை சைக்கிளில் வாய்க்கால் கரை இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் ஒரேயடியாகப் பிடித்து, ஹேண்டிலுக்கு மேலே பறந்தவன் நான். முகவாயில் தழும்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள்.

எட்டு கைக்கு வரும்வரை அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம். பிறகு மகனைக் கம்பத்துக்கு அப்பால் நிற்கச் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்தபடி ஓட்டுங்கள். கடைசி நேரத்தில் அவன் ஒதுங்கிக்கொள்வது நல்லது.