மூக்கில் ரத்தம் வடியும் பூனையும் மொத்தமாகக் கேட்கும் கீமோ பணமும்

கேள்வி: எங்கள் பூனைக்கு வயது 10. இரண்டு மாதமாக இடது மூக்கில் மட்டும் சளி ஒழுகியது, இப்போது ரத்தமும் வருகிறது. மூக்குத்தண்டு ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. மதுரையில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "கேன்சர்தான். ஆறு மாத கீமோ பேக்கேஜ் இருக்கிறது, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினால் தள்ளுபடி" என்கிறார்கள். வாப்பா யோசிக்கிறாங்க. உம்மா வளையலைக் கழற்றத் தயாராக இருக்காங்க. கட்டலாமா?
— கீழக்கரை வாசகி

பதில்: உம்மாவிடம் வளையலை இப்போதைக்குக் கையிலேயே போட்டிருக்கச் சொல்லுங்கள். கேன்சர் என்று சொன்னார்களே, எந்தக் கேன்சர் என்று சொன்னார்களா? எக்ஸ்ரேயில் ஒரு பக்க மூக்கு அடைந்திருப்பது தெரியும், உள்ளே இருப்பது இன்னது என்று தெரியாது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வந்தாலும் மூக்குத்தண்டு இப்படியே வீங்கும். அதற்குப் பூஞ்சை மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். அந்தப் பூனைக்குக் கீமோ போட்டால் நோய் எதிர்ப்பும் குறைந்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

கேன்சரே என்றாலும் பெயர் தெரிந்தாக வேண்டும். பூனை மூக்கில் அதிகம் வருவது லிம்போமா, அதாவது ரத்த வெள்ளணுக்களில் வரும் கேன்சர். அது கீமோவுக்கு நன்றாக அடங்குகிற வகை. நோய் மூக்கோடு நிற்கும்போது கதிர்வீச்சு இன்னும் நல்ல பலன் தரும், அந்த வசதிக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். அடுத்தபடியாக வருவது அடினோகார்சினோமா, அதாவது சுரப்பித் திசுவில் வரும் கேன்சர். அதற்கு முக்கிய வைத்தியமே கதிர்வீச்சுதான், கீமோ மட்டும் போட்டுப் பெரிய பலன் இருக்காது. ஒரே பேக்கேஜ், ஒரே தொகை, ஆனால் ஒரு பூனைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நல்ல வாழ்க்கை கிடைக்கலாம், இன்னொரு பூனைக்கு வெறும் ஊசிக்குத்துதான் மிச்சம். அதனால் முதல் செலவு பயாப்சிக்கு. மயக்கம் கொடுத்து மூக்கிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிந்தால் அதே மயக்கத்தில் சிடி ஸ்கேனும் எடுத்துவிடலாம். பூனைகளுக்கு வரும் லுக்கீமியா வைரஸுக்கான ரத்தப் பரிசோதனையையும் கையோடு கேளுங்கள். அறிக்கையின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அதற்கு முன் யாராவது "ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு நாளில் மூக்கு திறந்து பூனை துள்ளும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்குவதால் பயாப்சியில் சரியாகப் பிடிபடாமல் போகலாம், பின்னால் கொடுக்கும் கீமோவின் பலனும் குறையலாம். பணம் இல்லை, கீமோவே வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பது வேறு கதை. அது சில வாரமோ ஓரிரு மாதமோ நிம்மதி தரும், அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

சரி, லிம்போமா என்றே வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் மொத்தப் பணம் கட்டாதீர்கள். சைக்ளோபாஸ்பமைடு, வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்துகளும் பிரட்னிசோலோனும் சேர்ந்த முறையில் முதலில் வாராவாரம் போய்வந்து, பிறகு இடைவெளி கூடும். மருந்துக்குக் கேட்கும் கட்டியா இல்லையா என்பது பெரும்பாலும் முதல் சில வாரத்திலேயே தெரிந்துவிடும். அது தெரிவதற்கு முன்பே எதற்கு ஆறு மாதப் பணம்? ஒவ்வொரு தவணைக்கும் அன்றன்றைக்குக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால், பாதியில் நிறுத்தினால் மீதி எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். தள்ளுபடி இனிக்கும்தான், பூனை இறந்த பிறகு அந்தப் பணத்துக்கு நடப்பது கசக்கும்.

பில்லில் பார்க்க வேண்டியவை சில. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த அணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும். அது தொகைக்குள் அடங்குமா, தனியா? வின்கிறிஸ்டின் 1 மில்லிகிராம் குப்பியில் வரும், 4 கிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகாது. முழுக் குப்பிக்குமா பணம் என்று கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், கால்நடை கிளினிக் தரும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மருந்து விலைக்குள் வரி இருக்கும், ஆனால் வைத்தியக் கட்டணத்தின் மேல் தனியாக வரி போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க நம் ஊரில் செய்யும் இரண்டு காரியம் இங்கே உதவாது. ஒன்று, மருந்தை வாங்கிவந்து பழக்கப்பட்ட கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்வது. வின்கிறிஸ்டின் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும். இரண்டு, சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. அதை உடைக்கவே கூடாது, தூள் உங்கள் கையில் படும். பூனையின் எடைக்கு ஏற்றபடி நாள் இடைவெளியை மருத்துவர்தான் மாற்றுவார். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளைக்கு மலமண் தட்டைக் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

கீமோவில் மனிதர்கள் படும் பாடு பூனைக்குப் பெரும்பாலும் இல்லை. மீசை உதிரும், சில நாள் சாப்பாடு இறங்காது. மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாததால்தான் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சூடை மீனை வேகவைத்து முள் நீக்கி வெதுவெதுப்பாக வையுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாவிட்டால் ஈரல் கெடும், காத்திருக்காமல் போய்விடுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சாயல்குடி வழியாகப் போகலாம். சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903 முதல் இருப்பது. என்ன வசதி உண்டு என்று போனில் கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள், வெயிலில் பூனைக்கூடையோடு அலைய வேண்டாம்.

கேள்வி: "பூனை கேன்சரை 30 நாளில் குணமாக்கும் மூலிகைச் சொட்டு" என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
— தொண்டி வாசகர்

பதில்: கேட்டுப் பாருங்கள். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது, அதில் மருந்து என்பது விலங்குக்கான மருந்தையும் சேர்த்துத்தான். விளம்பரத்தின் படம், பில், பாட்டில் லேபிள் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. சொட்டை மட்டும் இனி ஊற்றாதீர்கள்.