தட்டிப் பார்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திட எரிபொருள் ராக்கெட் மோட்டார் செய்யும் இடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என்னை இன்சுலேஷன் பிரிவில் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ரப்பர் ஷீட்டை வெட்டுவது, மோட்டார் உறையின் உட்சுவரில் ஒட்டுவது, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. உடன் படித்தவர்கள், சூடான வாயு வெளியே பாயும் நாசில் குழலின் வடிவமைப்பில் இருக்கிறார்கள். 3000 டிகிரி சூட்டுக்குப் பீங்கான் இருக்கும்போது, எரிந்துபோகிற ரப்பரை ஏன் ஒட்டுகிறோம்? நான் பிரிவு மாற்றிக் கேட்கலாமா?

க.

அன்புள்ள க.,

போன வாரம்தான் என் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ரப்பர் ஒட்டிய நாட்களின் கணக்கு. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பீங்கான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பற்றவைத்த நொடியில் உள்ளழுத்தம் ஏறி உறை விரியும். பீங்கான் கூடவே விரியாது, விரிசல் விடும். ரப்பர் இழுத்த இழுப்புக்கு வரும், எடையும் குறைவு. அவ்வளவுதான்.

எரிந்துபோகிறது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எரிவதற்காகத்தானே தம்பி அதை ஒட்டுகிறோம்! சோதனையில் எரிந்து முடிந்த மோட்டாரை அறுக்கும் நாளில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். வெட்டுமுகத்தில் மேலே கரி, விரலால் தொட்டால் உதிரும். அதற்கடியில் பாதி வெந்த ஒரு பட்டை. அதற்கும் அடியில் நீங்கள் ஒட்டிய அதே ரப்பர், நகம் வைத்தால் அமுங்கும். வெளியே உறையின் பெயின்ட் கூடக் கொப்பளித்திருக்காது. ரப்பர் சிதையும்போதே வெப்பத்தை விழுங்குகிறது. அதிலிருந்து கிளம்பும் வாயு கரியின் வழியாக வெளியேறி, நெருப்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. ரப்பரில் கலக்கும் அராமிட் என்ற செயற்கை இழை, வேர் மண்ணைப் பிடிப்பதுபோல அந்தக் கரியைப் பிடித்துவைக்கிறது. முன்பு அந்த வேலைக்குக் கல்நார் போட்டார்கள், நுரையீரலுக்குக் கேடு என்று கைவிட்டார்கள். எந்த ரப்பர் நல்லது, நைட்ரைலா, ஈபிடிஎம்மா என்ற சண்டைக்குள் இப்போது நான் போகவில்லை.

என்னைக் கோபப்படுத்தியது வேறு. "தட்டிப் பார்ப்பது" என்று அலுப்போடு எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ரப்பர் எவ்வளவு உயர்ந்ததானாலும் சுவரை விட்டுக் கிளம்பிவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. சூடான வாயுவுக்கு ஓர் இடுக்கு போதும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டில் குளிரில் விறைத்த ரப்பர் வளையம் இணைப்பின் இடைவெளியை நேரத்துக்கு மூடவில்லை. 73 விநாடியில் எல்லாம் முடிந்தது. எரிபொருள் பக்கமும் இதே கதைதான். ரப்பரையும் எரிபொருளையும் ஒட்டவைக்கும் லைனர் பூச்சு விட்டுப்போனால் நெருப்பு அந்த இடுக்கில் புகுந்து, எரியக்கூடாத முகத்தையும் எரிக்கும். எரியும் பரப்பு கூடினால் அழுத்தம் எகிறும், உறை வெடிக்கும். லைனர் பூசுமுன் ரப்பரைச் சூட்டில் உலர்த்தச் சொல்கிறார்களே, ஏன் என்று எப்போதாவது கேட்டீர்களா? மிச்சமிருக்கும் ஈரம், லைனரை இறுகவைக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து குமிழி விடும். குமிழி விட்ட இடத்தில் ஒட்டு நிற்காது.

எனக்கு 23 வயது. ஓர் உறையின் பின்முனையில், நாசிலை ஒட்டிய பகுதியில், ஷீட் போட்டிருந்தேன். எரிபொருளில் உள்ள அலுமினியம் எரிந்து உண்டாகும் உருகிய அலுமினா துளிகள் வந்து அறையும் இடம் அது. மூத்தவர் உள்ளே தவழ்ந்து போய் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். அப்புறம் ஒரு "டொக்". மறுபடி தட்டினார், அதே டொக். சாக்கட்டியால் உள்ளங்கை அளவுக்கு வட்டம் போட்டார். உரித்துப் பார்த்தால் உலோகம் பளபளவென்று இருந்தது, பசை பிடித்த தடமே இல்லை. ஷீட்டின் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று கையுறையைக் கழற்றி, துடைத்து வைத்திருந்த உலோகத்தில் வெறுங்கையை ஊன்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பசை பிடிக்காது. சொன்னேன். அவர் திட்டவில்லை. நாணயத்தை என் கையில் வைத்து, "மீதியை நீ தட்டு" என்றார். இரண்டு நாள் தட்டினேன். இன்னும் மூன்று வட்டம் போட்டேன். மூன்றும் என் கை பட்ட இடங்கள்தான்.

பிரிவு மாற்றிக் கேட்பது உங்கள் இஷ்டம், கேளுங்கள். ஆனால் அந்த டொக்கைக் காது தானாகப் பிடிக்கும்வரை இருந்துவிட்டுக் கேளுங்கள். அங்கே நாணயத்தாலா தட்டுகிறீர்கள், சின்னச் சுத்தியலாலா? எழுதுங்கள்.