மக்ல போடற ஜோக் யாருக்கு சிரிப்பு வரணும்?

கேள்வி: அக்கா, நான் கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல இருக்கேன், பகல்ல ஆபீஸ் வேலை. ராத்திரில மக், கீச்செயின்ல பேரும் ஜோக்கும் பிரிண்ட் பண்ணி விக்கறேன், ஒரு மக் 15 வெள்ளி (ரிங்கிட்). போன மாசம் ஒரு கஸ்டமர் அவங்க நாத்தனார் பொறந்தநாளுக்கு உடம்பைக் கிண்டல் பண்ணி ஒண்ணு கேட்டாங்க, செஞ்சு குடுத்தேன். எல்லார் முன்னாடியும் அந்த அக்கா அழுதுட்டாங்களாம். இப்ப கஸ்டமர் காசைத் திருப்பிக் கேக்கறாங்க. தொழிலையே விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க தங்கச்சி. காசு திருப்பிக் குடுக்கணும்னு அவசியமில்ல, அவங்க கேட்டதைத்தானே செஞ்சீங்க. ஆனா அந்த அழுகை உங்க மனசுல உறுத்துது பாருங்க, அதனாலதான் நீங்க இந்தத் தொழிலுக்கு ஏத்த ஆளுன்னு எனக்குத் தோணுது.

பிரிண்ட் ஒட்டற கோட்டிங் உள்ள மக்கும், சூடாக்கி அழுத்தற ஹீட் பிரஸ் மெஷினும் இருந்தா 180, 200 டிகிரி சூட்டுல சில நிமிஷத்துல யார் வேணா பிரிண்ட் பண்ணிடலாம், ஷொப்பீ ஆன்லைன் கடையில தேடினா இந்த மாதிரி மக் கொட்டிக் கிடக்கு. ஜனங்க உங்ககிட்ட வர்றது ஜோக்குக்காக. அதனால ஆர்டர் எடுக்கறப்போ வாங்கறவங்க என்ன எழுதச் சொல்றாங்கன்னு மட்டும் கேட்டா போதாது, யாருக்குப் போகுது, அவங்க என்ன சொல்லி அடிக்கடி சிரிப்பாங்க, எதைப் பேசினா மூஞ்சி வாடும், தனியா குடுப்பீங்களா கூட்டத்துல குடுப்பீங்களான்னு கேளுங்க. உடம்பு, நிறம், கல்யாணம் ஆகாதது, புள்ளை இல்லாதது, இதையெல்லாம் எவ்ளோ காசு குடுத்தாலும் போடமாட்டேன்னு முதல்லயே சொல்லிடுங்க. நாலு ஆர்டர் போனா போகட்டும்மா.

நம்ம வீடுகள்ல ஜோக்குக்கா பஞ்சம்? சிரம்பான்ல இருந்து கேஎல் வரவேண்டிய சித்தப்பா இன்னும் குளிக்கவே போயிருக்கமாட்டாரு, ஆனா போன்ல "தோ சுங்கை பீசி டோல் தாண்டிட்டேன்"ம்பாரு. அந்த ஒரு வரியை அவர் பேரோட மக்ல போட்டுக் குடுங்க, மொத்தக் குடும்பமும் சிரிக்கும், முதல்ல சிரிக்கறது அவராத்தான் இருக்கும். இதை எந்தக் கடையிலயும் ரெடிமேடா வாங்க முடியாது. வடிவேலு போட்டோ, சினிமா டயலாக் போட்டுத் தாங்கன்னும் கேப்பாங்க, வேண்டாம், அடுத்தவங்க படத்தை எடுத்து விக்கறது மலேசியாவுல 1987 பதிப்புரிமைச் சட்டத்துல மாட்டிவிடும், அதைவிட சித்தப்பா டயலாக்தான் எனக்குப் புடிச்சிருக்கு.

15 வெள்ளி ரொம்பக் கம்மி. மக், மை, பெட்டி எல்லாம் கணக்குப் பண்ணிட்டு, வாட்ஸ்அப்ல அதை மாத்து இதை மாத்துன்னு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருப்பீங்களே, அந்த நேரத்தை மட்டும் சும்மா விட்டுட்டீங்க. ஜோக் யோசிக்கறதுக்குத் தனியா காசு வைங்க, ரெண்டு தடவை மாத்தலாம், அதுக்கு மேலன்னா எக்ஸ்ட்ரா. பேர் போட்ட பொருளை வேற யாருக்கும் விக்க முடியாது, அதனால முழுக் காசும் வந்தப்புறம்தான் பிரிண்ட். டிசைன் சாப்ட்வேர்ல தமிழ் ஒட்டினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும் சில நேரம், படத்தை அனுப்பி அவங்க "சரி"ன்னு டைப் பண்ணினதும் அடிங்க.

எஸ்எஸ்எம்ல, அதாவது தொழில் பதியற அரசாங்க ஆணையத்துல, பதிஞ்சிட்டீங்களா? தொழில் ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள பதியணும், சொந்தப் பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வச்சா 60. சம்பளத்தோட வியாபார வருமானமும் சேர்ந்தா வருமான வரிக்கு, சம்பளம் மட்டும் வாங்கறவங்க போடற பிஈ ஃபாரம் இல்ல, பி ஃபாரம். ஆபீஸ் கான்ட்ராக்ட்ல சைடு வேலை செய்யலாமான்னும் ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க.

அப்புறம் அந்த நாத்தனார். கஸ்டமர் சம்மதிச்சா அவங்ககிட்ட நீங்களே பேசுங்க, வருத்தத்தைச் சொல்லிட்டு, அவங்களுக்கு என்ன புடிக்கும்னு கேட்டு ஒரு மக் செஞ்சு குடுங்க, காசு வாங்காம. தீபாவளி ஆர்டரை ரெண்டு வாரம் முன்னாடியே மூடிடுங்க, கடைசி வாரத்துல கூரியரை நம்பவே முடியாது.