'அங்குஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயரை எப்படி அசை பிரிப்பது? எங்கே அழுத்துவது?

லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியில் 'லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்று இருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் தாவரவியல் படித்தவன். வகுப்பில் இந்தப் பெயர்களையெல்லாம் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒப்பித்துத்தான் தேர்வு எழுதினோம்.

ஆறு உயிரொலி, ஆகவே ஆறு அசை: அங்-குஸ்-தி-ஃபொ-லி-அ. அழுத்தம் 'ஃபொ'வில் விழும்.

ஏன் அங்கே? குறில், நெடில், ஒற்று தெரிந்த நமக்கு இந்த லத்தீன் விதி சுலபம். ஈற்றயல் அசையை, அதாவது கடைசிக்கு முந்திய அசையைப் பாருங்கள். அது நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் (சந்தப் பாட்டில் 'குரு' என்கிறோமே, அதுதான்) அழுத்தம் அங்கேயே நிற்கும். தனிக்குறிலாக இருந்தால் அதற்கு முந்திய அசைக்குப் போய்விடும். இங்கே ஈற்றயல் 'லி', குறில். துளசியின் 'டெனுயிஃப்ளோரம்' என்ற பெயரில் 'ஃப்ளோ' நெடில் என்பதால் அழுத்தம் நகராது. மாமரத்தின் 'இண்டிகா'வில் 'டி' குறில். 'இண்' என்பதில்தான் அழுத்த வேண்டும்.

தொல்லை என்னவென்றால், லத்தீன் எழுத்தைப் பார்த்துக் குறில் நெடில் சொல்லிவிட முடியாது. சில விகுதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்: '-இகா'வின் இகரம் குறில், '-ஆலிஸ்' என்பதில் ஆகாரம் நெடில். 'ஃபோ' என்று நீட்டுவதுகூட ஆங்கிலப் பழக்கம்தான், லத்தீனில் அது குறில். அழுத்துவது வேறு, நீட்டுவது வேறு.

சொல்லின் உறுப்புகள்: 'அங்குஸ்துஸ்' என்றால் ஒடுங்கிய, 'ஃபோலியும்' என்றால் இலை. நடுவில் வரும் 'இ' நம் சாரியை போல ஒட்டவைக்க வந்தது. கடைசி 'அ' பெண்பால் விகுதி, ஏனென்றால் 'லவாண்டுலா' பெண்பால். அதே பெயரடை புளூபெர்ரி இனமான 'வாக்சீனியம்' பின்னால் வந்தால் 'அங்குஸ்டிஃபோலியம்' ஆகிவிடும். புளியமரம் 'டமரிண்டஸ் இண்டிகா' என்பதில் முதல் சொல் ஆண்பால் போலத் தெரிந்தாலும், மரங்களைப் பெண்பாலாகக் கொள்வது லத்தீன் மரபு.

இதே பொருளைக் கிரேக்க வேர்களால் சொன்னால் 'ஸ்டெனோஃபில்லா'. ஒரு காப்பி இனத்துக்கு அந்தப் பெயர் உண்டு. அங்கே ஒற்று இருப்பதால் அழுத்தம் 'ஃபில்' மேல்.

புட்டியில் 'லாட்டிஃபோலியா' என்று இருந்தால் அது அகன்ற இலை உள்ள வேறு இனம். அதன் எண்ணெயில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.