ஹார்ட் டிஸ்க் அவரிடம் இருந்தால் பாட்டும் அவருடையதாகிவிடுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் பகலில் தறி ஓட்டி, ராத்திரியில் பாட்டு எழுதி மெட்டுப்போட்டு, கோயில் திருவிழாக்களில் பாடியவர். போன புரட்டாசியில் மாரடைப்பில் போய்விட்டார். வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் ஏழு பாட்டுக்கு ட்ராக் மட்டும், அதாவது முதல் கட்ட மாதிரிப் பதிவு மட்டும், பாடி வைத்திருந்தாராம், பாதிக்குச் சரணமே முடியவில்லை. இப்போது ஸ்டுடியோக்காரர், “வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ரிலீஸ் பண்றோம், மிச்சத்தை வேற பையனை வெச்சுப் பாடிக்கிறோம், இல்லன்னா ஏஐயில அவர் குரலையே கொண்டுவந்துடலாம், ஹார்ட் டிஸ்க் எங்ககிட்டதானே இருக்கு, ஒரு கையெழுத்து போடுங்க, 25,000 தர்றோம்” என்கிறாராம். போடலாமா?

போடாதீர்கள். இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள், வெற்று பாண்டு பேப்பரில் கனவிலும் போடாதீர்கள்.

ஒரு பாட்டுக்குள் வரி, மெட்டு, பதிவு என்று மூன்று சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் எழுதியவருடையது, அவருக்குப் பிறகு வாரிசுகளுடையது. பதிவு மட்டும், முன்கை எடுத்துப் பணம் போட்டவருடையது. மெஷின் வைத்திருப்பவருடையது அல்ல. உங்கள் கணவர் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பாடியிருந்தால், லாட்ஜில் ரூம் எடுத்தவர் விட்டுப்போன பெட்டி மாதிரிதான் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது. அவருடைய ஜிபே கணக்கைத் திறந்து, ஸ்டுடியோவுக்கு அனுப்பிய ஒவ்வொரு தொகையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்டுடியோக்காரரே செலவு செய்திருந்தாலும்கூட, வரிக்கும் மெட்டுக்கும் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது.

“அவரே அப்பவே எழுதிக் கொடுத்துட்டாரு” என்பார்கள். அந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் இல்லையென்றால் சட்டப்படி 5 வருஷம்தான். வரிக்கும் மெட்டுக்கும் வர வேண்டிய ராயல்டிப் பங்கை, காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவர் தானாகவே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. இது நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

ஏழில் இரண்டு பழைய பாரதக்கூத்துப் பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் குழப்புவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் தலைமுறையாகப் பாடிவரும் மெட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, ஸ்டுடியோக்காரரும் இல்லை, நீங்களும் இல்லை. அந்த மெட்டில் உங்கள் கணவர் புதிதாக வரி எழுதியிருந்தால் வரி அவருடையது, மெட்டு ஊருடையது. வரியும் பழசு, வெறுமனே பாடினார் என்றால்? அப்போதும் அந்தப் பாடல் பாடிய குரலுக்கு, அதாவது நிகழ்த்திய கலைஞர் என்ற வகையில், 50 வருஷத்துக்கு உரிமை உண்டு. ஆகவே, “இது பொதுச் சொத்து சார், யார் வேணா போடலாம்” என்று எவனாவது சொன்னால், நீ பாடிப் போட்டுக்கொள், அவர் பாடியதைப் போடாதே என்று சொல்லுங்கள்.

அடுத்து, வேறு பையனை வைத்து முடிப்பது. மைக்கேல் ஜாக்சன் இறந்த அடுத்த வருஷம், 2010-இல், வந்த ஆல்பத்தில் மூன்று பாட்டைக் கேட்டுவிட்டு இது அவர் குரலே இல்லை என்று ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள். 2022-இல் அந்த மூன்றையும் இணையத் தளங்களிலிருந்து எடுத்தேவிட்டார்கள். கணவர் பெயரில் யாரோ பாடியது போய்விட்டால் கெட்ட பெயர் அவருக்குத்தான். படைப்பைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமை, அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, வாரிசுக்கும் உண்டு.

ஏஐ குரல் விஷயத்தில் சட்டம் இன்னும் தூங்குகிறது. ஒருவரின் பிரபலத்தின் மேலுள்ள உரிமை அவரோடே போய்விடும், வாரிசுக்கு வராது என்று மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் 2024-இல் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐயில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துத்தான் பயன்படுத்தினார். பின்னால் ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், ஏஐயில் குரல் உருவாக்கக் கூடாது என்று தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

இப்போது புரோக்கர்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவரைத் தேடாதீர்கள், இ-சேவை மையத்தில் நீங்களே போடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று அலைய விடுவார்கள், செத்தவரின் மனைவி என்று நிரூபிக்க நாலு மேஜை ஏற வேண்டிய நாடு இது, என்ன செய்ய. காப்பிரைட் பதிவுக்கு 15,000 கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாட்டு வரிக்கோ மெட்டுக்கோ அரசுக் கட்டணம் 500 ரூபாய். பதிவு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. “கேஸ்னா மெட்ராஸ் போகணும்” என்று பயமுறுத்துவார்கள், அதுவும் பொய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டிலேயே, போடலாம். சாதாரணமாக முதலில் சமரசத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழுப்பார்கள். ரிலீஸ் தேதி நெருங்குவதால் அவசரத் தடை கேட்டு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ், பெரும்பாலும் அதிலேயே ஸ்டுடியோக்காரர் குரல் இறங்கிவிடும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். மாமியார் இருக்கிறாரா? உயில் இல்லையென்றால் இந்து வாரிசுச் சட்டப்படி உங்களுக்கு ஒரு பங்கு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று, அவர் அம்மாவுக்கும் ஒன்று. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், மருமகள் கையெழுத்து போட மறுத்ததும், கையெழுத்து கேட்ட ஆள் நேராகக் கிராமத்துக்குப் போய், முதியோர் பென்ஷன் பேப்பர் என்று சொல்லிக் கிழவியிடம் ரேகை வாங்கிவந்துவிட்டான். அதை ரத்து செய்ய இன்னும் வாய்தா நடக்கிறது. வருத்தம் இருந்தாலும் இந்த வாரமே போய் மாமியாரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்புறம் அவர் செல். முணுமுணுத்துப் பதிவு செய்த மெட்டு, வாட்ஸ்அப்பில் ஸ்டுடியோவுக்கு அனுப்பிய வாய்ஸ், எல்லாம் அதில்தான் இருக்கும். பையன் கேம் விளையாட ரீசெட் செய்துவிடப் போகிறான், பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அந்த நம்பர் கட்டாகிவிடாமல் இருக்க, ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்றும் இன்றைக்கே பாருங்கள்.